தெளிக்காமலே வரும் நஞ்சு

நம் உழவர் கூட்டங்களுக்குப் புதிதாக வருகிறவரிடம் முதலில் கேட்கிற கேள்வி, "யூரியா நிறுத்தி எத்தனை வருஷம் ஆச்சுங்க?" அடுத்து பூச்சிமருந்து. அதற்கடுத்து களைக்கொல்லி. மூன்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டால் அவர் இயற்கை விவசாயி. நானும் இதைத்தான் கேட்டு வருகிறேன். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கடன் மனுக்களைப் படித்தவன் நான். மனுதாரர் எழுதிக் கொடுக்கும் கடனைப் பார்ப்பது சுலபம். அவர் எழுதாமல் விட்ட கைமாத்து எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் வேலை. பணி ஓய்வுக்குப் பிறகு கொல்லிமலைக்கு வந்து மிளகும் காப்பியும் வைத்து, நாலு மாடு, கொஞ்சம் நாட்டுக்கோழி என்று இருக்கும்போதும் அந்தப் புத்தி போகவில்லை. என் தோட்டத்துக்குள் கணக்கில் எழுதாமல் வருகிற ரசாயனம் எது என்று தேட ஆரம்பித்தேன். பட்டியல் நீளமானது. அதில் ஒன்றைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தீத்தடுப்பு ரசாயனங்கள். சோபாவுக்குள் இருக்கும் ஃபோம், மெத்தை, டி.வி.யின் பின்மூடி, கம்ப்யூட்டர், ஒயர், கார் சீட், கட்டடங்களுக்குப் போடும் தெர்மாகோல் போன்றவை சட்டென்று பற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத் தயாரிக்கும்போதே கலப்பது. நோக்கத்தில் தப்பில்லை. "மெத்தைக் கடைக்காரர் கவலைப்பட வேண்டிய சமாச்சாரம், விவசாயிக்கு என்ன?" என்று நினைப்பீர்கள். உலகம் இந்த ரசாயனத்துக்குப் பயப்படத் தொடங்கியதே ஒரு மாட்டுத் தீவனத் தொட்டியைப் பார்த்துத்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் என்று ஒரு சிறிய ஊர். அங்கே இருந்த மிச்சிகன் கெமிக்கல் கார்ப்பரேஷன் என்ற ஆலை பல சரக்குகளைச் செய்தது. அதில் ஒன்று நியூட்ரிமாஸ்டர். கறவை மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் மக்னீசியம் ஆக்சைடு. இன்னொன்று ஃபயர்மாஸ்டர், பிளாஸ்டிக்கில் கலக்கும் தீத்தடுப்பு மருந்து. பாலிபுரோமினேட்டட் பைஃபீனைல் என்பது அதன் வேதிப்பெயர், சுருக்கமாக பி.பி.பி. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் தூள். 1973இல் அச்சடித்த பைகள் தீர்ந்துபோய், சாதாரணக் காகிதப் பைகளில் பெயரைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். 50 பவுண்டு மூட்டைகள் பத்து இருபது மாறிவிட்டன. மக்னீசியம் போக வேண்டிய தீவன ஆலைக்கு ஃபயர்மாஸ்டர் போய்ச் சேர்ந்தது. அந்தத் தீவன ஆலை எவனோ முதலாளியுடையது என்று நினைக்காதீர்கள். மிச்சிகன் ஃபார்ம் பீரோ என்னும் விவசாயிகள் அமைப்பே நடத்தியது. நம் சங்கம், நம் தீவனம் என்று நம்பித்தான் வாங்கினார்கள்.

ஃப்ரெட் ஹால்பர்ட் என்ற பால் பண்ணைக்காரரின் மாடுகள் அந்த வருஷம் தீவனத்தை ஒதுக்கின. பால் மளமளவென்று குறைந்தது. குளம்புகள் கோணலாக நீண்டு வளர்ந்தன. கன்றுகள் செத்தன. பராமரிப்பு சரியில்லை என்றுதான் பல பண்ணைக்காரர்களுக்குப் பதில் கிடைத்தது. ஹால்பர்ட் வேதியியல் பொறியியல் படித்தவர், விடவில்லை. தீவனத்தில்தான் கோளாறு என்று ஆய்வகம் ஆய்வகமாக அலைந்தார். 1974 ஏப்ரல், மே வாக்கில்தான் அமெரிக்க வேளாண் துறையின் விஞ்ஞானி ஒருவர் அது தீத்தடுப்பு மருந்து என்று கண்டுபிடித்தார். அதற்குள் பல மாதங்களாகப் பாலும் வெண்ணெயும் கறியும் முட்டையும் மாநிலம் முழுக்கப் போய்விட்டன. அப்புறம் கொன்று புதைத்த கணக்கு: சுமார் 30,000 மாடுகள், 4,500 பன்றிகள், 1,500 செம்மறிகள், 15 லட்சம் கோழிகள். அன்றைக்கு மாநிலத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 90 லட்சம். அவர்களில் பெரும்பாலானவர்கள் உடம்பில் கொஞ்சமாவது ஏறிவிட்டது.

மாடு செத்த கணக்கைவிட என்னை உறுத்துவது அதற்குப் பிந்தைய கணக்கு. 1976இல் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார்கள். இப்போது எமரி பல்கலைக்கழகம் அதைத் தொடர்கிறது. நாற்பது வருஷம் கழித்தும் அந்த மக்களின் ரத்தத்தில் பி.பி.பி. இருந்தது. அதிக அளவில் ஏறிய தாய்மார்களிடம் பால் குடித்த பெண்குழந்தைகள், மற்றவர்களைவிட ஒரு வருஷம் வரை முன்னதாகவே வயதுக்கு வந்ததாக ஆய்வு சொல்கிறது. தீவனம் தின்றது மாடு. பாலைக் குடித்தது அம்மா. விளைவு மகளுக்கு.

இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் இது ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது என்பது புரியும். தீ எரிவது ஒரு சங்கிலி வேலை. சூட்டில் பிளாஸ்டிக் உடைந்து வாயு ஆகிறது. அந்த வாயுவில் பிறக்கும் துடியான துணுக்குகள் ஒன்று அடுத்ததை மூட்டிவிட, அது அதற்கடுத்ததை மூட்டும். புரோமின் அந்தத் துணுக்குகளைப் பிடித்து அமர்த்திவிடும். சங்கிலி அறும். இதற்கு மருந்து சிட்டிகை அளவு போதாது. டெக்கா என்ற வகையை டி.வி. பின்மூடியில் கலந்தால் பிளாஸ்டிக் எடையில் 10 முதல் 15 சதவீதம் கலக்க வேண்டும். ஒரு கிலோ மூடியில் நூறு கிராமுக்கு மேல் மருந்து! நம்மில் யாரும் ஒரு ஏக்கருக்கு அந்த அளவு எந்தப் பூச்சிமருந்தின் மூலப்பொருளையும் சும்மா கொண்டுவந்து வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டோம்.

கலந்த மருந்து பிளாஸ்டிக்கோடு பிணைந்து நிற்பதும் இல்லை. பெரும்பாலான வகைகள் வெறுமனே கலந்து கிடப்பவைதான். சாணி மெழுகிய தரை நடக்க நடக்கத் தூளாகிற மாதிரி, பொருள் பழசாகப் பழசாக அதிலிருந்து கழன்று வீட்டுத் தூசியில் சேரும். தூசி கைக்கு, கை வாய்க்கு. தவழும் குழந்தைக்குத்தான் அதிகம். கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது, மண்ணில் சுலபமாகச் சிதையாது. டி.டி.டி.யின் ஜாதகத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் பத்துப் பொருத்தமும் இருக்கும்.

பி.பி.பி. கெட்ட பெயர் எடுத்ததும் என்ன நடந்தது? பி.பி.டி.இ. என்ற ஒன்றுவிட்ட தம்பி சந்தைக்கு வந்தது. பெண்டா, ஆக்டா, டெக்கா என்று அதில் மூன்று கலவைகள். பெண்டா ஃபோமுக்கு, ஆக்டாவும் டெக்காவும் கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு. அவை தடைபட்டதும் குளோரின், பாஸ்பேட் சேர்ந்த வேறு சில வந்தன. அவற்றில் ஒன்று 1970களிலேயே குழந்தைகளின் இரவு உடையிலிருந்து விரட்டப்பட்டது. 1977இல் அர்லீன் பிளம் என்ற பெண் விஞ்ஞானியும் புரூஸ் ஏம்ஸ் என்பவரும் டிரிஸ் என்ற தீத்தடுப்பு மருந்து புற்றுநோய் உண்டாக்கலாம் என்று எழுதினார்கள். புரோமின் டிரிஸ் குழந்தை உடையில் தடைசெய்யப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த குளோரின் டிரிஸும் சந்தேகத்துக்கு உள்ளாகி உடையை விட்டுப் போயிற்று. பிறகு பல வருஷம் கழித்து அதே குளோரின் டிரிஸ் சோபா ஃபோமில் உட்கார்ந்திருந்தது. எண்டோசல்ஃபான் போனதும் வேறு லேபிளில் வேறு பாட்டில் வந்ததைப் பார்த்த நமக்கு இது புதுக்கதை இல்லை.

சோபாவுக்குள் இவ்வளவு மருந்து போனதற்குக் காரணம் கலிபோர்னியா மாநிலத்தின் ஒரு விதி. 1975இல் வந்தது. மெத்தை நாற்காலிக்குள் இருக்கும் ஃபோம் 12 விநாடி சிறு சுவாலையைத் தாங்க வேண்டும் என்றார்கள். நாற்காலியில் முதலில் பற்றுவது மேல் துணி. அது எரிந்து ஃபோமைத் தொடும்போது தீ பெரிதாகிவிடும், 12 விநாடி தாங்கி என்ன பயன் என்று பிறகு கேட்டார்கள். 2013இல் விதியைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் சுலபமாக வரவில்லை. ஒரு பிரபல தீக்காய மருத்துவர் சட்டமன்றக் குழு முன்னால் போய், மருந்து கலக்காத தலையணையால் ஒரு கைக்குழந்தை எரிந்து செத்த கதையைக் கண்ணீர் வரச் சொன்னார். 2012இல் சிகாகோ டிரிப்யூன் பத்திரிகைக்காரர்கள் தேடிப் பார்த்தார்கள். அப்படி ஒரு குழந்தையே இல்லை. அவரை அனுப்பிய 'மக்கள் அமைப்பு' மூன்று தீத்தடுப்பு மருந்துக் கம்பெனிகளின் பணத்தில் நடந்தது. மருந்துக் கம்பெனி நடத்தும் 'விவசாயிகள் கருத்தரங்கு'களில் காப்பி குடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உடம்பில் என்ன செய்கிறது? இவற்றின் உருவம் தைராய்டு ஹார்மோனின் உருவத்துக்கு நெருக்கம். அதனால் அந்த ஹார்மோனின் வேலையில் குறுக்கிடுகின்றன. வயிற்றில் இருக்கும் சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் தைராய்டு எவ்வளவு முக்கியம் என்று கொல்லிமலை மாதிரி மலைப்பகுதிகளில் அயோடின் உப்பு விளம்பரம் படித்தவர்களுக்குத் தெரியும். நமக்கு நெருக்கமான ஆய்வு, கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் நடந்தது. கீரையும் ஸ்ட்ராபெரியும் விளைகிற ஊர். மெக்சிகோவிலிருந்து வந்த விவசாயக் கூலிகளின் குழந்தைகளைப் பூச்சிமருந்து எப்படிப் பாதிக்கிறது என்று பார்க்கத்தான் பெர்க்லி பல்கலைக்கழகம் அந்த ஆய்வைத் தொடங்கியது. கூடவே தீத்தடுப்பு மருந்தையும் அளந்தார்கள். கலிபோர்னியாவில் வளர்ந்த அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில், மெக்சிகோவில் வளர்ந்த அதே இனக் குழந்தைகளைவிட ஏழு மடங்கு பி.பி.டி.இ. இருந்தது. 2013இல் வெளியான முடிவு: கர்ப்பத்தில் தாயின் ரத்தத்திலும், பிறகு ஏழு வயதில் குழந்தையின் ரத்தத்திலும் அளவு கூடக் கூட, கவனம், விரல்களின் நுண்வேலை, அறிவுத்திறன் எண் இவை குறைவதோடு தொடர்பு தெரிந்தது. தொடர்பு என்றுதான் சொல்கிறார்கள், இதனால்தான் என்று அறுதியிட்டுச் சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தை நாமும் மதிக்க வேண்டும்.

ஏனென்றால் பயமுறுத்துவதிலும் தப்புக் கணக்கு நடக்கிறது. 2024 அக்டோபரில், கறுப்புப் பிளாஸ்டிக் கரண்டிகளில் பழைய டி.வி. பிளாஸ்டிக்கின் டெக்கா கலந்திருக்கிறது என்று அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்து ஊரே கரண்டியைத் தூக்கி எறிந்தது. கரண்டியிலிருந்து ஒரு நாளைக்கு உடம்பில் ஏறக்கூடியது 34,700 நானோகிராம். 60 கிலோ ஆளுக்கு வரம்பு 42,000. ஏறக்குறைய வரம்பைத் தொட்டுவிட்டது என்று எழுதினார்கள். கிலோவுக்கு 7,000 என்பது வரம்பு. 60 பெருக்கல் 7,000 எவ்வளவு? 4,20,000. ஒரு பூஜ்யம் விட்டுப்போச்சு! பிறகு திருத்தம் வெளியிட்டார்கள். என் கிளையில் கேஷியர் ஒரு பூஜ்யம் விட்டிருந்தால் அன்றைக்கு இரவு யாரும் வீட்டுக்குப் போயிருக்க மாட்டோம். கரண்டியில் டெக்கா இருந்தது உண்மை. ஆபத்தின் அளவு அவர்கள் முதலில் சொன்னதில் பத்தில் ஒரு பங்கு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே நேர்மையோடு நம் நாட்டு நிலைமையையும் சொல்கிறேன். இந்தியத் தாய்மார்களின் பாலில் அளந்த பி.பி.டி.இ. அளவு அமெரிக்கத் தாய்மார்களைவிட மிகக் குறைவு. கலிபோர்னியா சோபா நம் வீடுகளில் இல்லாத புண்ணியம். அதனால் தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்த வேண்டுமா என்ற யோசனைக்கே இடமில்லை, கொடுக்கத்தான் வேண்டும். நம் பிரச்சினை வேறு வாசல் வழியாக வருகிறது. சோபா வழியாக வரவில்லை, குப்பை வழியாக வருகிறது. டில்லி, மும்பை, கொல்கத்தாவில் தாய்ப்பாலைச் சோதித்த இந்திய, ஜப்பானிய விஞ்ஞானிகள் 2012இல் எழுதியபோது, கொல்கத்தாவின் நகராட்சிக் குப்பைக் கிடங்கைத்தான் இந்த வகை நஞ்சுகளின் மூலமாகச் சுட்டிக் காட்டினார்கள்.

அதற்கு முன்பே நம் தமிழ்நாட்டில் ஒரு பாடம் கிடைத்தது. சென்னை பெருங்குடிக் குப்பைமேடு. அங்கே சுற்றி வாழ்ந்த பெண்களின் பாலில் டயாக்சின் மற்ற இடங்களைவிட அதிகம் என்று 2004இல் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகக் குழு எழுதியது. டயாக்சின் தீத்தடுப்பு மருந்து இல்லை. குப்பை எரியும்போது பிறக்கும் நஞ்சு. எரிகிற பிளாஸ்டிக்கில் புரோமின் மருந்து இருந்தால் புரோமின் டயாக்சினும் பிறக்கும். அந்தப் பெண்களுக்கு எப்படி ஏறியது? புகையைச் சுவாசித்ததால் மட்டும் இருக்காது என்று யோசித்து, அந்தப் பகுதிப் பசும்பாலைச் சோதித்தார்கள். பால் ஒரு வழியாக இருக்கக்கூடும் என்று கட்டுரைத் தலைப்பிலேயே போட்டார்கள். மிச்சிகனில் மூட்டை மாறி நடந்தது, பெருங்குடியில் யாரும் எதையும் மாற்றாமலே நடந்தது. மாடு மேய்ந்தது, அவ்வளவுதான்.

இப்போது எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி எங்கள் மலைக்கு வாருங்கள். இங்கே குப்பைமேடு இல்லை, ஆலை இல்லை, காற்று சுத்தம் என்று சுற்றுலா வருகிறவர்கள் சொல்வார்கள். நான் வீடு வீடாகப் பார்த்ததைச் சொல்கிறேன். 2006 முதல் 2011 வரை அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. மாநிலம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கு மேல். மலையில் மின்சாரம் இருந்த வீடுகளுக்கெல்லாம் வந்து சேர்ந்தது. இன்றைக்கு அதைப் பார்ப்பவர் யாரும் இல்லை. பரண்மேல், மாட்டுக்கொட்டகை மூலையில், வேலி ஓரத்தில் கிடக்கிறது. ஒரு வீட்டில் உள்ளே இருந்ததைக் கழற்றிவிட்டு வைக்கோல் போட்டு, அந்தக் கூட்டில் கோழியை அடைவைத்திருந்தார்கள். "மழை படாதுங்க சார், பாம்பும் வராது" என்றார் அந்த வீட்டம்மா. யோசனை நல்ல யோசனைதான். ஆனால் எந்தப் பெட்டியில் என்ன கலந்தது என்று முதுகில் எழுதியிருக்காது. புதிய சாதனங்களில் பி.பி.பி.யும் பி.பி.டி.இ.யும் 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற வரம்பு, 2011ஆம் வருஷத்து மின்னணுக் கழிவு விதிகள்படி 2014 மே மாதத்திலிருந்துதான். நம் பெட்டிகள் எல்லாம் அதற்கு முந்தியவை. படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருப்பது தனிக் கணக்கு.

அடுத்தது மெத்தை. தங்கும் விடுதிகள் பெருகியபின் பழைய ஃபோம் மெத்தைகள் மலிவாகவோ இலவசமாகவோ கிடைக்கின்றன. கன்றுக்குட்டிக்குப் படுக்கை, நாய்க்குப் படுக்கை, நாற்றங்காலுக்கு ஈரம் தாங்க ஒரு துண்டு. வெயிலில் ஒரு கோடை கிடந்தால் ஃபோம் மஞ்சள் மாவாக உதிரும். கோழி அதைக் கொத்தும். தெர்மாகோல் என்றாலோ கோழிக்குத் தனி ஆசை, பொரி மாதிரி தின்னும். அதிலும் ரீபாண்டட் மெத்தை என்பது பழைய ஃபோம் துண்டுகளை நறுக்கி ஒட்டியது. எந்த நாட்டு, எந்தக் காலத்து ஃபோம் என்று கடைக்காரருக்கே தெரியாது. அமெரிக்காவில் பழைய ஃபோமை மறுசுழற்சி செய்த தொழிலாளர்களின் ரத்தத்தில் மற்றவர்களைவிடப் பத்து மடங்கு அளவில் பி.பி.டி.இ. இருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மூன்றாவது, ஒயர் கொளுத்துவது. செம்புக்குக் கிலோ என்ன விலை என்று பழைய இரும்புக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனால், அன்று சாயந்திரம் எங்காவது ஓடை ஓரம் கறுப்புப் புகை எழும். சாம்பல் அங்கேயே கிடக்கும். மறுநாள் காலை கோழி அதில் மண்குளியல் போடும்.

கோழியைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கீழே நாமக்கல் பண்ணைகளில் கூண்டுக் கோழிக்கு மண்ணே தெரியாது. நம் நாட்டுக்கோழி நாள் முழுக்க மண்ணைக் கிளறி, மண்ணோடு சேர்த்துத்தான் தின்னும். அதுதான் நம் முட்டையின் பெருமை. மண்ணில் நஞ்சு இருந்தால் அதுவே ஆபத்து. கொழுப்பில் கரைந்த நஞ்சு கோழியின் உடம்பை விட்டு வெளியேறும் பெரிய வாசல் மஞ்சள்கருதான். 2019இல் இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் ட்ரோபோடோ என்ற கிராமத்தில் இது வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே டோஃபு என்னும் சோயா பனீர் செய்யும் சிறு ஆலைகள், விறகுக்குப் பதில் வெளிநாட்டிலிருந்து வந்த பிளாஸ்டிக் குப்பையை எரித்தன. பக்கத்தில் மேய்ந்த கோழிகளின் முட்டையைச் சோதித்தால், ஒரு முட்டை தின்னும் பெரிய ஆளுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு வகுத்த நாள் வரம்பைப்போல் 70 மடங்கு டயாக்சின். கூடவே தீத்தடுப்பு மருந்தும் இருந்தது. மேய்ச்சல் கோழி முட்டை என்று இரட்டிப்பு விலைக்கு விற்கிற நாம், கோழி மேய்கிற மண்ணுக்கும் பொறுப்பு ஏற்க வேண்டியிருக்கிறது.

பயிரைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். இந்த மருந்துகள் மண்ணின் மக்கில் இறுக ஒட்டிக்கொள்ளும், வேர் வழியாக ஏறுவது கொஞ்சம்தான். சாமை, மிளகு, வாழை இவற்றுக்கு இதனால் பெரிய பாதகம் இல்லை. மண் ஒட்டிய கிழங்கைக் கழுவி, தோல் சீவினால் போதும். விவகாரம் பால், முட்டை, கறியில்தான். சொட்டுநீர்க் குழாயைச் சந்தேகப்பட்டுப் பிடுங்கவும் வேண்டாம்; அது வேறு வகைப் பிளாஸ்டிக், கறுப்பு நிறம் கரித்தூளால் வருவது.

வெளியிலிருந்து வாங்கும் நகர உரத்தில் மட்டும் கவனம் தேவை. 2016இல் மத்திய அரசு நகரக் குப்பை உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தபின் அது பரவலாகியது. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதில் ஈயம், காட்மியம், பாதரசம் போன்ற உலோகங்களைச் சோதிக்கிறார்கள். தீத்தடுப்பு மருந்துக்கு வரம்பும் இல்லை, சோதனையும் இல்லை. நம் சான்றிதழுக்கு எடுக்கும் எச்சப் பரிசோதனையும் பூச்சிமருந்தைத் தேடுவதுதான். பிரிக்காத குப்பையில் செய்த உரத்தைக் கையில் அள்ளிப் பாருங்கள். ஃபோம் துணுக்கும் பிளாஸ்டிக் பொடியும் கண்ணுக்குத் தெரிந்தால், கோழியும் மாடும் நடமாடும் நிலத்தில் அதைப் போடாதீர்கள். எங்கள் மலையில் சருகுக்கும் சாணத்துக்கும் என்ன பஞ்சம்?

சட்டம் தூங்கவில்லை. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை என்று உலக நாடுகளின் நச்சுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. எண்டோசல்ஃபானை 2011இல் சேர்த்த அதே பட்டியல். பெண்டா, ஆக்டா வகைகளும் பி.பி.பி.யில் ஒன்றும் 2009இல் அதில் சேர்ந்தன. தெர்மாகோலில் கலக்கும் எச்.பி.சி.டி. 2013இல், டெக்கா 2017இல். இந்தியாவும் 2018 மார்ச்சில் தனி விதி போட்டு, பெண்டா, ஆக்டா சேர்மங்கள், எச்.பி.சி.டி. உட்பட ஏழு ரசாயனங்களைத் தடைசெய்தது. தடை பலன் தரும் என்பதற்கும் சாட்சி உண்டு. ஸ்வீடனில் 1972 முதல் 1997 வரை தாய்ப்பாலில் பி.பி.டி.இ. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இரட்டித்தது. பயன்பாடு நின்றதும் இறங்கியது. ஆனால் தடை புதிதாகச் செய்வதைத்தான் நிறுத்தும். ஏற்கெனவே பரணில் இருப்பதைச் சட்டம் வந்து இறக்கி வைக்காது.

வீட்டில் கிடக்கும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் சந்தேகம் வந்தால் நம் கையிலேயே ஒரு சோதனை இருக்கிறது. விதைநெல் தேர்வுக்கு முட்டை மிதக்கும் வரை உப்புக் கரைப்போமே, அந்தக் கரைசல்தான். புரோமின் மருந்து கலந்த டி.வி. பிளாஸ்டிக் எடை கூடியது. டில்லி போன்ற இடங்களில் பழைய பிளாஸ்டிக் பிரிப்பவர்கள் உப்புத் தண்ணீரில் போட்டுத்தான் வகை பிரிக்கிறார்கள். கழுவிய சிறு துண்டைப் போடுங்கள். மூழ்கினால் அதைக் கோழிக்கூண்டுக்கோ தீவனத் தொட்டிக்கோ பயன்படுத்தாதீர்கள். பி.வி.சி.யும் மூழ்கும், அதனால் மூழ்கியதெல்லாம் புரோமின் என்று ஆகாது. மிதந்தால் சந்தேகம் குறைவு, அவ்வளவுதான். கரைசலை மண்ணில் ஊற்றாமல் தனியே கொட்டுங்கள். எரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கிறேன் என்று மட்டும் யாரும் கிளம்ப வேண்டாம்.

என் தோட்டத்தில் நடைமுறையில் இருப்பது இவ்வளவுதான். ஃபோமும் தெர்மாகோலும் கொட்டகைக்குள் கிடையாது. கன்றுக்கு வைக்கோல், கோழிக்கு மூங்கில் கூடை. படுக்கைக்குப் போடியிலிருந்து வரவழைத்த இலவம்பஞ்சு. ஃபோமைவிட ஆயுள் அதிகம், நாலு வருஷத்துக்கு ஒருமுறை கொட்டி அடித்துத் தைத்தால் புதுசு. பஞ்சு தீப்பிடிக்காதா என்று கேட்பார்கள். பிடிக்கும். அதற்கு வழி, கொசுவத்தியைக் கட்டிலுக்கு அடியில் வைக்காமல் இருப்பதும், நல்ல ஒயரிங்கும், ஒரு எம்.சி.பி.யும். வீட்டைப் பெருக்கும்போது துடைப்பத்துக்குப் பிறகு ஈரத் துணியால் ஒரு முறை துடைக்கிறோம், தூசி பறக்காமல் இருக்க. ஒயர் எரித்த இடம் தெரிந்தால் சாம்பலை மேல்மண்ணோடு வாரி மூடிவைத்து, அந்த இடத்தைச் சுற்றிக் கோழி போகாதபடி வேலி கட்டிவிட்டோம். அந்தச் சாம்பலை உரக்குழிக்குக் கொண்டுபோகவே கூடாது.

மீதி இருப்பது அந்த டி.வி.க்கள். உடைத்தாலும் எரித்தாலும் புதைத்தாலும் நம் மண்ணிலேயேதான் இருக்கும். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கீகரித்த மறுசுழற்சி நிறுவனங்களின் பட்டியல் உண்டு. மொத்தமாகச் சேர்த்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளச் சிலர் தயாராக இருக்கிறார்கள். எங்கள் ஊரிலும் பக்கத்து இரண்டு ஊரிலும் சேர்த்தால் இரண்டு டெம்போ லோடு தேறும். செம்மேட்டில் ஒரு பொதுக் கொட்டகையில் சேர்த்து வைப்பது வரை பேசி முடித்துவிட்டோம். பழைய இரும்புக்காரர் ஒரு பெட்டிக்கு ஏதோ கொடுக்கிறார், இங்கே சும்மா கொடுக்க வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மலையிறக்கி நாமக்கல் வரை டெம்போ வாடகையும், பெட்டிக்கு ஒரு சிறு தொகையும் குழுவின் பொதுப் பணத்திலிருந்து கொடுக்கலாமா என்பது அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருகிறது. வேறு ஊர்களில் இப்படிச் சேர்த்து அனுப்பியவர்கள் இருந்தால், எவ்வளவு செலவாயிற்று, யார் ஏற்றுக்கொண்டார்கள் என்று இதழுக்கு எழுதுங்கள்.